பட்ட மரத்தை என்ன செய்வது?

தில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட் இருக்கிறது. மீன், காய்கறி, மளிகை எல்லாம் அங்கே கிடைக்கும். அங்கே ஒரு காய்கறிக் கடை. அதில் வேலை செய்யும் தம்பிக்குச் சொந்த ஊர் மசினகுடி. முதுமலைக் காட்டை ஒட்டிய ஊர்.

ஒரு நாள் அம்மா போனில் பேசினார்.

"மழையே இல்லப்பா. மரமெல்லாம் பட்டு நிக்குது. நம்ம கூரை மேல ஒண்ணு சாஞ்சிருக்கு. ராத்திரி தூக்கம் வரல."

தம்பி கடைக்காரரிடம் கேட்டான்.

"அண்ணாச்சி, காட்டுல பட்ட மரம் வீணாத்தானே போகுது? வெட்டி வித்தா என்ன?"

"அவசரப்படாதே தம்பி. பட்ட மரத்துக்கும் சட்டம் இருக்கு" என்றார் அவர்.

மரம் ஏன் பட்டுப்போகிறது?

வேர் நீரை உறிஞ்சி இலைக்கு அனுப்புகிறது. மண்ணில் ஈரம் வற்றினால் மரம் நலியும். நலிந்த மரத்தை வண்டு துளைக்கும். மழை தொடர்ந்து பொய்த்தால் பெரிய மரமும் சாகும். 2000 முதல் 2003 வரை நீடித்த வறட்சியில் முதுமலையில் பல மரங்கள் பட்டுப்போயின.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு காட்டோரங்களில் மரம் அறுக்கும் மில்கள் இருந்தன. கூடலூர்க் காட்டைக் காப்பாற்றக் கோரி 1995-இல் ஒரு வழக்கு போடப்பட்டது. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு என்பது அதன் பெயர். அதில் தில்லி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-இல் ஆணையிட்டது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் காட்டில் மில் நடத்தக் கூடாது என்றது. 2000 பிப்ரவரி 14-இல் இன்னோர் ஆணை வந்தது. சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் பட்ட மரத்தையும் விழுந்த மரத்தையும் எடுக்கக் கூடாது என்றது.

ஏன்? பட்ட மரம் என்ற பேரில் பச்சை மரமும் போய்விடக் கூடாது அல்லவா? மேலும், பட்ட மரத்தின் பொந்தில் ஆந்தையும் மரங்கொத்தியும் வாழ்கின்றன. விழுந்த மரம் மக்கி மண்ணுக்கு உரமாகிறது.

வீட்டருகே நின்றால்?

அது ஆபத்து. காற்று இல்லாமலே கிளை முறியும். மில் தொலைவில் இருந்தால் லாரி வாடகைக்கே பணம் போய்விடும். ஆகவே விற்பனையை நினைக்காதீர்கள். முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள்.

* மரத்தின் அடியில் படுக்காதீர்கள். மாடு கட்டாதீர்கள்.
* நீங்களாக வெட்டாதீர்கள். வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள்.
* மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள்.
* வெட்டிய மரத்தை எடுத்துச் செல்ல பாஸ் வேண்டுமா என்று கேளுங்கள்.

அன்று இரவே தம்பி மனு எழுதினான். மரம் நிற்கும் இடத்தையும், கூரைக்கு உள்ள ஆபத்தையும் தெளிவாக எழுதினான். இரண்டு வருடம் முன்பு அவன் கைநாட்டு வைத்தவன். மனு தபாலில் ஊருக்குப் போனது. அம்மா கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்தார். பாயை மறுபக்கத்து அறையில் விரித்துக்கொண்டார்.