2 புள்ளி லீட், 2 நிமிடம் பாக்கி... அப்புறம் எப்படித் தோற்கிறார்கள்? கபடியின் கடைசி நிமிடக் கணக்கு

மாட்டுப் பொங்கல் முடிந்த ராத்திரி. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில் ஏதோ ஒரு ஊர். ஃபோகஸ் லைட், மைக் செட், சவுக்குக் கட்டை கட்டிய கேலரி. உள்ளூர் டீம் இரண்டு புள்ளி முன்னிலை. "இன்னும் இரண்டே நிமிடம்" என்று மைக்கில் சத்தம் வருகிறது. கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச், "டேய், டைம் ஓட்டுடா!" என்று கத்துகிறார். பையன்களும் அப்படியே ஓட்டுகிறார்கள்.

ஆட்டம் முடியும்போது உள்ளூர் டீம் ஒரு புள்ளியில் தோற்றிருக்கிறது. கடைசி ரெய்டு போய் மாட்டிக்கொண்ட பையன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். கேலரி மொத்தமும் அவன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே கலைகிறது.

டெல்டாவில் கபடி பார்த்து வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சி புதுசு இல்லை. ஆனால், தோல்விக்கு அந்தப் பையன்தான் காரணமா? பெரும்பாலும் இல்லை. தப்பு இரண்டு நிமிடத்துக்கு முன்னாடியே நடந்து முடிந்திருக்கும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ரூல்ஸ்: கடிகாரம் யார் கையில்?

புரோ கபடியில் ஒரு ஆட்டம் 40 நிமிடம். 20 நிமிடமாக இரண்டு பாதி. ஒரு ரெய்டுக்கு அதிகபட்சம் 30 விநாடி. இரண்டு அணியும் மாறி மாறி ரெய்டு போக வேண்டும். யாருக்கும் புள்ளி வராமல் ரெய்டர் திரும்பி வந்தால் அது எம்ப்டி ரெய்டு. ஒரு அணி தொடர்ந்து இரண்டு எம்ப்டி ரெய்டு போனால், மூன்றாவது டூ ஆர் டை. அதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரெய்டர் அவுட்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 30 விநாடியையும் முழுசாகப் பயன்படுத்துவதா, 8 விநாடியில் முடித்துவிட்டுத் திரும்புவதா என்பது ரெய்டரின் இஷ்டம். அதாவது, நம் ரெய்டு நடக்கும்போது கடிகாரம் நம் கையில். எதிரணி ரெய்டு வரும்போது அது அவர்கள் கையில். முன்னிலையில் இருப்பவன் இழுப்பான், பின்தங்கியவன் அவசரப்படுவான். "டைம் ஓட்டு" என்று கத்துகிற கோச் மறந்துவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

இரண்டு நிமிடத்தில் எத்தனை ரெய்டு?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாம் 2 புள்ளி முன்னிலை. 2 நிமிடம் பாக்கி. ரெய்டு நம்முடையது. மேட்டில் ஏழு பேரும் இருக்கிறோம். கோச் சொன்ன மாதிரி டைம் ஓட்டுகிறோம்.

• 2:00 – நம் ரெய்டு. 30 விநாடி இழுத்து எம்ப்டி.
• 1:30 – எதிரணி. 10 விநாடியில் வந்து போய்விடுகிறார்கள்.
• 1:20 – நம் ரெய்டு. மறுபடி 30 விநாடி, எம்ப்டி.
• 0:50 – எதிரணி. மறுபடி 10 விநாடி.
• 0:40 – நம் ரெய்டு. இப்போது டூ ஆர் டை!

நாற்பது விநாடி இருக்கும்போது, எதிரணி மொத்தமும் காத்திருக்கும் இடத்துக்குள் நம் பையன் போயே ஆக வேண்டும். மாட்டினால் முன்னிலை 1 ஆகக் குறையும். நம் பக்கம் ஆறு பேர். எதிரே ஆறு பேர் இருந்தாலே ரெய்டருக்கு போனஸ் கோடு திறந்துவிடும். கடைசி 10 விநாடியில் எதிரணி ரெய்டர் வந்து போனஸ் எடுத்தால் டை. கூடவே ஒரு டச்சும் போட்டால் தோல்வி.

யாரும் பெரிதாகத் தப்பு பண்ணவில்லை. கோச் சொன்னதைத்தான் செய்தார்கள். ஆனால் எம்ப்டி ரெய்டு என்பது கையில் இருக்கும் சில்லறை மாதிரி. இரண்டே இரண்டுதான் இருக்கும். அதை 2:00 மணிக்கணக்கிலேயே செலவழித்துவிட்டால், கடைசியில் கை காலி.

சரி, வேறு எப்படி ஆடியிருக்கலாம்? முதல் ரெய்டிலேயே, இரண்டு நிமிடம் இருக்கும்போதே, உண்மையாகப் புள்ளிக்கு முயற்சி பண்ணலாம். கிடைத்தால் முன்னிலை 3. மாட்டினாலும் சரிசெய்ய ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இருக்கிறது, எம்ப்டி கணக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்த இரண்டு எம்ப்டிகளையும் கடைசி 70 விநாடிக்கு வைத்துக்கொண்டால் என்ன ஆகும் பாருங்கள்: நம் 30, எதிரணியின் 10, மறுபடி நம் 30. ஆட்டம் முடிந்தது. எதிரணிக்குக் கிடைப்பது ஒரே ஒரு ரெய்டு.

நிஜ ஆட்டத்தில் விநாடிகள் இவ்வளவு கச்சிதமாக வராது. ரெய்டுக்கு ரெய்டு நடுவில் சில விநாடி போகும், டைம்-அவுட் வரும். நேரம் முடிவதற்குள் தொடங்கிய ரெய்டை முழுசாக முடிக்கவும் விடுவார்கள். ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான்.

பிடிக்கவா, விடவா?

இரண்டாவது சிக்கல் டிஃபென்ஸில். 2 புள்ளி முன்னிலை, எதிரணியின் கடைசி ரெய்டு. என்ன செய்ய வேண்டும்? ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் நல்லது. எண்ட் லைன் பக்கமாகப் பின்வாங்கி, ரெய்டரிடமிருந்து விலகி நின்றாலே போதும். போனஸ் எடுத்தாலும் ஒரு புள்ளிதான்.

ஆனால் என்ன நடக்கும்? ரெய்டர் முதுகைக் காட்டியதும் கார்னரில் நிற்கும் பையனுக்குக் கை அரிக்கும். பாய்ந்து காலைப் பிடிப்பான். அவனுக்கு உதவ இன்னும் இரண்டு பேர் ஓடி வருவார்கள். ரெய்டர் திமிறிக்கொண்டு கோட்டைத் தொட்டுவிட்டால், கை வைத்த மூன்று பேரும் அவுட். மூன்று புள்ளி போச்சு. "ஏன்டா பிடிக்கப் போன?" என்று கேட்டால் பதில் இருக்காது.

இதில் கேலரிக்கும் பங்கு உண்டு. விலகி நின்றால், "ஓடி ஒளியறான் பாரு" என்று கிண்டல் வரும். ரெய்டர் நடுக்கோட்டுப் பக்கமே நின்று டைம் ஓட்டினால் விசில் பறக்கும். வீரம் காட்டுகிற ஆட்டம் என்று பேர் வாங்கிய விளையாட்டில், சும்மா நிற்பதற்குத் தனி தைரியம் வேண்டும்.

டெல்டாவில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டம் திருச்சென்னம்பூண்டிக்காரரான தர்மராஜ் சேரலாதன், ரைட் கார்னர் டிஃபெண்டர். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் புரோ கபடி கோப்பையை வென்றபோது அவர்தான் கேப்டன். அப்போது வயது 41! அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். பாதி வயதுப் பையன்கள் ஓடும் மேட்டில் 41 வயதுக்காரருக்கு இடம் கிடைத்ததற்கு உடம்பு பலம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. எப்போது பாய வேண்டும், எப்போது பாயக் கூடாது என்று தெரிந்தவருக்கு அணிகள் தனி விலை வைக்கின்றன.

அமெரிக்காவிலும் இதே பஞ்சாயத்துதான்

கடைசி நிமிட முடிவு பற்றிய சண்டையில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்கன் ஃபுட்பால். 2015 பிப்ரவரி 1, சூப்பர் பவுல் இறுதிப் போட்டி. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 28-24 என்று முன்னிலை. சியாட்டில் சீஹாக்ஸ் ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு யார்டு, அதாவது மூன்று அடி போக வேண்டும். 26 விநாடி பாக்கி. கையில் ஒரு டைம்-அவுட். முட்டி மோதி ஓடுவதில் பேர் போன மார்ஷான் லிஞ்ச் அணியில் இருக்கிறார். பந்தை அவரிடம் கொடுப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

சியாட்டில் பந்தை வீசியது. மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பிடித்தார். ஆட்டம் காலி. கோச் பீட் கரோலை இன்றுவரை வறுத்தெடுக்கிறார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த விளையாட்டில் பந்தோடு ஓடுபவரை மைதானத்துக்குள் மடக்கினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வீசிய பந்து யார் கையிலும் சிக்காமல் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். சியாட்டிலுக்கு இன்னும் மூன்று முயற்சி இருந்தது. 26 விநாடிக்குள், ஒரே ஒரு டைம்-அவுட்டை வைத்துக்கொண்டு மூன்றையும் பயன்படுத்த, நடுவில் ஒரு முறை வீசிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. அந்த சீசனில் அதுவரை ஒரு யார்டு தூரத்திலிருந்து வீசிய ஒரு பந்தைக்கூட எதிரணி பறித்ததில்லை.

எதிர்ப்பக்கக் கோச் பில் பெலிசிக்கும் விசித்திரமான முடிவு ஒன்று எடுத்தார். கையில் டைம்-அவுட் இருந்தும் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டார். சியாட்டில் அடித்திருந்தால், பதிலடி கொடுக்க அவருக்கு நேரமே இருந்திருக்காது. அணி ஜெயித்ததால் அவர் ஜீனியஸ், கரோல் முட்டாள். முடிவு சரியா என்பதை ரிசல்ட்டை வைத்து எடை போடுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது.

தலைவாஸ் கதை: இரண்டு நாள், இரண்டு ரிசல்ட்

நம்ம தமிழ் தலைவாஸுக்கு வருவோம். 2022 டிசம்பர் 13, மும்பை, எலிமினேட்டர். யுபி யோத்தாஸுடன் 36-36 டை. டை-பிரேக்கரில் 6-4 என்று தலைவாஸ் வென்றது. தமிழ்நாடே கொண்டாடியது. இரண்டே நாளில் அரையிறுதி. புனேரி பல்தானிடம் 39-37 என்று தோல்வி. "கோட்டை விட்டுட்டாங்க" என்று டைம்லைன் முழுக்கப் புலம்பல். அதே பசங்க, அதே கோச். நடுவில் இருந்த வித்தியாசம் ஒன்றிரண்டு ரெய்டுதான்.

ரூல் மாறினால் கடைசி நிமிட மூளையும் மாறும் என்பதற்கும் தலைவாஸ் சாட்சி. அப்போதைய லீக் சுற்றில் வெற்றிக்கு 5 புள்ளி, டை ஆனால் ஆளுக்கு 3, ஏழு புள்ளி வித்தியாசத்துக்குள் தோற்றால் 1. அதனால் சமநிலையில் இருக்கும்போது கடைசி ரெய்டர் ரிஸ்க் எடுக்காமல் நேரத்தை ஓட்டிவிட்டு வருவது லாபம். தலைவாஸ் 2021 சீசனை 40-40 என்றும், 2022 சீசனை 31-31 என்றும் டையில்தான் தொடங்கியது. 2025 சீசனில் அந்த வசதி போய்விட்டது. வென்றால் 2 புள்ளி, தோற்றால் பூஜ்யம். டை ஆனால் லீக் ஆட்டத்திலும் டை-பிரேக்கர். "பத்திரமா டிரா பண்ணிக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஹாங்சோ: ஒரு ரெய்டு, ஒரு மணி நேரம்

2023 அக்டோபர் 7, ஆசிய விளையாட்டு ஆடவர் கபடி இறுதிப் போட்டி. இந்தியா – ஈரான், 28-28. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் இந்தியாவுக்கு டூ ஆர் டை. ரெய்டு போனது கேப்டன் பவன் செராவத். யாரையும் தொடாமலேயே லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைப் பிடிக்க ஈரான் வீரர்களும் பின்னாலேயே லாபிக்குள் போனார்கள். யாருக்கு எத்தனை புள்ளி? நடுவர்களின் முடிவு மாறி மாறி வந்தது. வாக்குவாதம் முற்றி ஆட்டம் சுமார் ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் இந்தியாவுக்கு 4, ஈரானுக்கு 1. இறுதி ஸ்கோர் 33-29, தங்கம் இந்தியாவுக்கு.

எல்லாரும் நடுவரைப் பற்றியே பேசினார்கள். ஆனால் ஈரான் டிஃபெண்டர்கள் பின்னால் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால்? ரெய்டர் தானாகவே அவுட். சமநிலையில், கடைசி நிமிடங்களில், ஒரு புள்ளி சும்மா கிடைத்திருக்கும். தப்பு போன ரெய்டரைத் துரத்தப் போய் இழந்தது மூன்று புள்ளி முன்னிலை.

ஊர்ப் போட்டியில் என்ன பிரச்சினை?

டிவி கபடியில் ரெய்டருக்குக் கடிகாரம் கண்ணெதிரே இருக்கிறது. பல ஊர்ப் போட்டிகளில் கடிகாரம் என்பது நடுவர் கையில் இருக்கும் வாட்ச் அல்லது செல்போன். மைக்கில் சொன்னால்தான் நேரம் தெரியும். டூ ஆர் டை உண்டா இல்லையா, ஆட்டம் எத்தனை நிமிடம் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். பதினெட்டு வயதுப் பையன் இதையெல்லாம் மனசுக்குள்ளேயே கணக்கு வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் பாடவும் வேண்டும்.

பணயம் சுழற்கோப்பை மட்டுமில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட், போலீஸ் வேலை, ரயில்வே வேலை என்று பல வீடுகளின் கனவு இந்த மண்ணில்தான் தொடங்குகிறது. மன்னார்குடி அருகே வடுவூரிலிருந்து போன அபினேஷ் மோகன்தாஸ், 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். அந்த இறுதிப் போட்டியின் ஸ்கோர் 35-32. எதிரணி, மறுபடியும் ஈரான். ஆசிய அளவிலும் வித்தியாசம் மூன்றே புள்ளிதான்.

அப்படியானால் பயிற்சியில் செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. தினமும் கடைசி பத்து நிமிடம், "இரண்டு புள்ளி முன்னிலை, இரண்டு நிமிடம்" என்று சொல்லிவிட்டு ஆடவிடலாம். எம்ப்டி கணக்கை உரக்கச் சொல்ல கோட்டுக்கு வெளியே ஒருவரை நிறுத்தலாம். "டைம் ஓட்டு" என்பதற்குப் பதிலாக, "ஒரு எம்ப்டி போயிடுச்சு, எழுபது விநாடி இருக்கு" என்று கோச் கத்தலாம்.

பார்க்கிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தடவை உள்ளூர் டீம் கடைசி ரெய்டில் கவிழ்ந்தால், அந்தப் பையனைத் திட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவன் கிளம்பும்போது டீம் கையில் எத்தனை எம்ப்டி மிச்சம் இருந்தது?