பூமியில் இடம் இருக்கிறதா?

மாலை வேளையில் மும்பையின் மின்சார ரயிலில், இரு கால்களையும் ஒருசேர ஊன்ற இடமின்றி வீடு திரும்பும் நமக்கு, "உலகில் ஜனங்கள் பெருத்துவிட்டார்கள், இனி இடமே இல்லை" என்று தோன்றுவது இயல்பே. அந்த முடிவுக்கு வருமுன், குழந்தைகளின் பூகோளப் படத்தைச் சற்றே விரித்துப் பார்ப்போமாக.

2022 நவம்பரில் உலக மக்கள் தொகை 800 கோடியை எட்டியதாக ஐக்கிய நாடுகள் சபை கணித்தது. பத்துப் பேரில் ஏறத்தாழ அறுவர் ஆசியாவில் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவில் சுமார் 150 கோடி. ஐரோப்பாவில் 75 கோடிக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலும் சேர்ந்து 100 கோடிக்குச் சற்று அதிகம். ஆஸ்திரேலியாவிலோ 3 கோடிகூட இல்லை. அன்டார்க்டிகாவில் ஆராய்ச்சியாளர் வந்து போகின்றனரேயன்றிக் குடிமக்கள் எவருமில்லை.

தொகை வேறு, நெருக்கம் வேறு. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆசியாவில் சராசரியாக நூறு பேருக்கு மேல். ஆப்பிரிக்காவில் அதில் ஏறக்குறையப் பாதி. ஆஸ்திரேலியாவில் மூன்று நான்கு பேர். பள்ளிப் பாடம் இத்துடன் நின்றுவிடுகிறது. நமக்கோ இந்தச் சராசரிக் கணக்கில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஆசியாவையே எடுத்துக்கொள்வோம். அதன் வடகிழக்கில், ருஷ்யாவைச் சேர்ந்த யாகூத்தியா என்னும் பிரதேசம் இருக்கிறது. பரப்பு 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் இந்தியாவைவிடச் சற்றே சிறியது. அங்கு வாழ்பவர் சுமார் 10 லட்சம் பேரே. அதே ஆசியாவின் தென்கோடியில் உள்ள ஜாவாத் தீவு ஏறக்குறையத் தமிழ்நாட்டின் அளவுதான். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 லட்சம்; ஜாவாவிலோ 2020இல் 15 கோடிக்கு மேல்!

காரணம் மண்ணும் நீருமே. யாகூத்தியாவில் நிலத்தின் அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கிறது. ஜாவாவில் எரிமலைகள் உமிழ்ந்த சாம்பலே மண்ணுக்கு உரமாயிற்று. மழையும் பாசனமும் வாய்த்ததால் நெல் ஆண்டுக்கு இரண்டு போகம், சில இடங்களில் மூன்று போகம் விளைகிறது. நாற்று நடவும் களை பறிக்கவும் கதிர் அறுக்கவும் கைகள் வேண்டியிருந்தன. அக்கைகளுக்கு வேண்டிய சோறும் அங்கேயே விளைந்தது. காவிரிக் கரையைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

எகிப்தின் 10 கோடிக்கு மேற்பட்ட மக்களும் அநேகமாக நைல் நதியை ஒட்டியே நெருங்கி வாழ்கின்றனர், எஞ்சியது பாலை. "ஆப்பிரிக்கா காலியாகக் கிடக்கிறது" என்போர், சகாராவையும் சேர்த்து வகுத்தே அவ்வாறு சொல்கிறார்கள்.

தொகையும் நிலையானதன்று. 1950இல் ஐரோப்பாவில் சுமார் 55 கோடி, ஆப்பிரிக்காவில் சுமார் 23 கோடி. இன்று ஆப்பிரிக்கா ஐரோப்பாவைப்போல் இரு மடங்கு. ஆப்பிரிக்கரில் பாதிக்கு மேற்பட்டோர் இருபது வயது நிரம்பாதவர். ஐரோப்பியரில் பாதிக்கு மேற்பட்டோர் நாற்பதைக் கடந்தவர். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் உட்புறத்துச் சிற்றூர்கள் பல ஆளின்றி வெறிச்சோடி வருகின்றன. சிசிலித் தீவில் சம்பூகா என்ற ஊரார், கைவிடப்பட்ட வீடுகளைச் செப்பனிட்டுக்கொள்ள இசைவோருக்கு, 2019இல் ஒரு யூரோவிலிருந்து ஏலம் கூறினார்கள். மும்பையில் ஓர் அறைக்காகப் பகடி கொடுத்துத் தேய்ந்த நம்மவருக்கு இது கட்டுக்கதைபோலத் தோன்றலாம்.