ஏறாத விமானத்துக்கு எதற்குக் கட்டணம்?

போன மாதம் என் சித்தப்பா டெல்லி டிக்கெட்டை ரத்து செய்தார். "ஆஃபர் டிக்கெட் சார், ஒரு பைசாகூடத் திரும்ப வராது" என்றார்கள் கஸ்டமர் கேரில். அவரும் போனால் போகிறது என்று விட்டுவிட்டார். நான் அந்த டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே பொடி எழுத்தில் யூடிஎஃப், ஏஎஸ்எஃப் என்று இரண்டு வரிகள். அந்த இரண்டும் விமான நிறுவனத்தின் பணமே அல்ல.

யூடிஎஃப் என்பது பயனர் மேம்பாட்டுக் கட்டணம். விமான நிலையத்துக்காக நம்மிடம் வாங்கப்படுவது. ஏஎஸ்எஃப் பாதுகாப்புக் கட்டணம். உள்நாட்டுப் பயணிக்கு 2021 ஏப்ரலில் 200 ரூபாய் ஆனது. டிக்கெட் எவ்வளவு மலிவானதாக இருந்தாலும், ரத்து செய்தாலும், விமானத்தையே தவறவிட்டாலும், சட்டப்படியான வரிகளையும் யூடிஎஃப்பையும் திருப்பித் தர வேண்டும் என்கிறது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதி. முதலில் விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள். மசியவில்லையென்றால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம். அதற்கும் பலனில்லையா, 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

இந்த யூடிஎஃப் எவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்கள்? பெரிய விமான நிலையங்களுக்கு ஏரா. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையம் அது. ஓடுபாதைக்கும் டெர்மினலுக்கும் போட்ட முதல், அதற்கு நியாயமான லாபம், பராமரிப்புச் செலவு, வரப்போகும் பயணிகள் எண்ணிக்கை எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ஐந்தாண்டுக் காலத்துக்குக் கட்டணம் வகுக்கிறது. கடை வாடகை, பார்க்கிங், விளம்பரம் வழியாகவும் நிலையத்துக்குப் பணம் கொட்டுகிறது. 2016-ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துக் கொள்கைப்படி அதில் 30 சதவீதம்தான் நம் சுமையைக் குறைக்கக் கழிக்கப்படுகிறது. அந்தக் கடைகளில் காபி வாங்கிக் குடிப்பதும் நாம்தானே? இந்தப் பங்கு கூட வேண்டும் என்பேன்.

அரசுக்கும் பங்கு உண்டு. 2006 ஒப்பந்தப்படி டெல்லி நிலையத்தின் வருவாயில் 45.99 சதவீதம் இந்திய விமான நிலைய ஆணையத்துக்குப் போகிறது. அந்த ஆணையம் முழுக்க மத்திய அரசுடையது. அதன் லாபத்தில் ஒரு பகுதி டிவிடெண்டாக அரசு கஜானாவைச் சேர்கிறது. நஷ்டத்தில் ஓடும் சிறு நிலையங்களைத் தாங்குவதும் அதே ஆணையம்தான். பின்னது எனக்குச் சம்மதம், முன்னதுதான் உறுத்துகிறது.

ஏராவைக் கேட்காமல் வசூலித்த கதையும் உண்டு. 2009-இல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு டெல்லியில் உள்நாட்டுப் பயணிக்கு 200, வெளிநாட்டுப் பயணிக்கு 1,300 ரூபாய் என விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் வசூலித்தார்கள். நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. ஏராவின் அனுமதி இல்லாத வசூல் செல்லாது என்று 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கட்டணத்தை முடிவு செய்யும் முன் ஏரா தன் இணையதளத்தில் கலந்தாய்வு அறிக்கை வெளியிடும். பயணியும் அதற்குக் கருத்து எழுதலாம். வக்கீல் வேண்டாம், செலவும் இல்லை.

சித்தப்பா நேற்று விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். பிஎன்ஆர் எண், ரத்து செய்த தேதி, பொடி எழுத்திலிருந்த அந்த இரண்டு வரிகள். அவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது.