பழைய காரும் பந்தயப் பாதையும்: எஞ்சினைக் காக்கும் எண்ணெய்

கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகச் சென்னைக்குச் செல்வோர் நகரை நெருங்கும்போது சோழவரத்தைக் கடக்கின்றனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கு ஒரு விமான ஓடுபாதை அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் பயனற்றுக் கிடந்த அப்பாதையில், 1953-ஆம் ஆண்டில் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார்ப் பந்தயங்களை நடத்திற்று. பின்னர் 1990-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தனிப் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. இவ்விடங்களில் தனிச்சிறப்பாக உருவாக்கிய வண்டிகளோடு, சாலைகளில் நாள்தோறும் காணப்பட்ட ஃபியட் வகைக் கார்களும் ஓடின.

சாலையில் பல்லாண்டுகள் குறைவின்றி ஓடிய ஒரு பழைய கார், பந்தயப் பாதையில் சில சுற்றுகளிலேயே எஞ்சின் உடைந்து நின்றுவிடுவது உண்டு. வேகமே காரணம் எனப் பலர் கருதுவர். வேகம் காரணங்களுள் ஒன்றே. எஞ்சினுள் ஓடும் எண்ணெய் தேவையான இடத்தைத் தேவையான நேரத்தில் அடைகிறதா, அடைந்தபின் அங்கே நிலைத்து நிற்கிறதா என்பவற்றைப் பொறுத்தே எஞ்சினின் உயிர் அமைந்துள்ளது.

எண்ணெய்ப் படலம்

எஞ்சினின் கிராங்க் தண்டு பேரிங்குகளில் தாங்கப்பட்டுச் சுழல்கிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே இருக்கும். தண்டு சுழலும்போது எண்ணெயைத் தன்னுடன் இழுத்துச் சென்று, குறுகிய இடத்தில் நெருக்குகிறது. அந்நெருக்கத்தால் எண்ணெயில் பேரழுத்தம் உண்டாகித் தண்டை உயர்த்திப் பிடிக்கிறது. இரு உலோகங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை.

இவ்வுண்மை தற்செயலாக வெளிப்பட்டது. 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியியலார் இரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்தபோது, எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்புறத்தில் துளையிட்டார். அத்துளை வழியே எண்ணெய் மேலே பொங்கிற்று. முளை வைத்து அடைத்தும், எண்ணெய் அம்முளையை வெளியே தள்ளிவிட்டது. 1886-ஆம் ஆண்டில் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் அளித்தார். சுமையைத் தாங்குவது எண்ணெய்ப் படலமே என்பது அதனால் உறுதிப்பட்டது.

வளைவில் நேரும் பஞ்சம்

எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. பம்பின் உறிஞ்சு குழாய் அதில் மூழ்கியுள்ளது. கார் வளைவில் வேகமாகத் திரும்பும்போது எண்ணெய் ஒருபுறம் ஒதுங்குகிறது. பேருந்து திரும்புகையில் கையிலுள்ள குவளை நீர் சாய்வதைப் போன்றதே இது. பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியாக இருப்பின் எண்ணெயின் மேற்பரப்பு சுமார் 27 டிகிரி சாயும். அதற்குச் சமமாக இருப்பின் 45 டிகிரி சாயும். சாலையில் ஓட்டுவோர் இத்தகைய விசையை எட்டுவது அரிது. எட்டினும் அது கணப்பொழுதே நீடிக்கும். பந்தயப் பாதையிலோ நீண்ட வளைவுகளில், சுற்றுக்குச் சுற்று, இது நேர்கிறது.

அப்போது உறிஞ்சு குழாயின் வாய் வெளிப்பட்டு, பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 5,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். எண்ணெய் வரத்து இரண்டு விநாடி தடைப்பட்டால், அதற்குள் கிராங்க் தண்டு ஏறத்தாழ 166 முறை சுழன்றுவிடும். படலம் அறுந்ததும் உலோகம் உலோகத்தைத் தேய்க்கிறது. இணைப்புத் தண்டின் பெரிய முனையிலுள்ள பேரிங் முதலில் கெடுவது வழக்கம். தட்டுவது போன்ற ஓசை எழும். அதனைப் பொருட்படுத்தாது ஓட்டினால், பேரிங் ஓடு இடம் பெயர்ந்து எண்ணெய்த் துளையை மூடிவிடும். இறுதியில் இணைப்புத் தண்டு முறிந்து எஞ்சின் கூட்டையே துளைத்துவிடக்கூடும்.

இக்குறையை எத்துணை உயர்ந்த எண்ணெயாலும் நீக்க இயலாது. எண்ணெயை அளவுகோலின் மேற்குறி வரை நிரப்புதலும், தொட்டியினுள் தடுப்புத் தகடுகள் பொருத்தி எண்ணெய் ஒதுங்குவதைத் தடுத்தலுமே இதற்குரிய பரிகாரங்கள்.

உஷ்ணமும் பாகுத்தன்மையும்

இரண்டாவது பகை உஷ்ணம். சாலையில் எண்ணெயின் உஷ்ணநிலை 90 முதல் 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். பந்தயப் பாதையில் 130 டிகிரியையும் எட்டக்கூடும். உஷ்ணம் ஏற ஏற எண்ணெய் நீர்த்துப் போகிறது. 100 டிகிரியில் உள்ள பாகுத்தன்மை 130 டிகிரியில் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பழைய எஞ்சினில் தேய்மானத்தால் இடைவெளிகள் விரிந்திருக்கும்; நீர்த்த எண்ணெய் அவற்றின் வழியே எளிதில் வழிந்தோடிவிடும்.

எண்ணெய் டப்பாக்களில் காணப்படும் 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40, 10டபிள்யூ-30 முதலிய குறிகள் பாகுத்தன்மையையே குறிக்கின்றன. முதல் எண் குளிர்நிலைக்கு உரியது. இரண்டாம் எண் 100 டிகிரி நிலைக்கு உரியது. 30 என்னும் வகையின் பாகுத்தன்மை அந்நிலையில் 9.3 முதல் 12.5 வரையும், 40 என்பது 12.5 முதல் 16.3 வரையும், 50 என்பது 16.3 முதல் 21.9 வரையும் சென்டிஸ்டோக் அளவில் இருத்தல் வேண்டும். குளிர் மிகுந்த நாடுகளில் முதல் எண் முக்கியமானது. சித்தூர், திருப்பதி, சென்னை ஆகிய பகுதிகளில் அதனினும் இரண்டாம் எண்ணே கவனிக்கத்தக்கது. இடைவெளி விரிந்த பழைய எஞ்சினைப் பந்தயப் பாதையில் ஓட்டுவோர் 20டபிள்யூ-50 வகையை நாடுவதன் காரணம் இதுவே.

எனினும், தடித்த எண்ணெய் எல்லாம் நல்லதென்று கொள்ளலாகாது. மிகத் தடித்த எண்ணெய் எஞ்சின் சூடேறும் முன் குறுகிய வழிகளில் மெதுவாகவே செல்லும். அழுத்தமானி உயர்ந்த அளவைக் காட்டினும், எண்ணெயின் ஒரு பகுதி பம்பின் தணிப்பு வால்வு வழியே தொட்டிக்கே திரும்பிவிடும். ஆதலால் எஞ்சினை நிதானமாகச் சூடேற்றிய பின்னரே வேகப்படுத்துதல் வேண்டும்.

துத்தநாகத்தின் துணை

பழைய எஞ்சின்களில் கேம் தண்டின் புடைப்புகள் தட்டையான டாப்பெட்டுகளின்மேல் உரசிச் செல்கின்றன. அவ்விடத்தில் எண்ணெய்ப் படலம் மட்டும் போதாது. துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த ஒரு சேர்க்கைப் பொருள் உலோகத்தின்மீது மெல்லிய காப்புப் பூச்சை உண்டாக்கித் தேய்மானத்தைத் தடுக்கிறது. ஆயின் பாஸ்பரஸ், புதிய கார்களின் புகைபோக்கியிலுள்ள மாசு நீக்கும் கருவியைக் கெடுக்கும். எனவே 2004-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்கத் தரவரையறை, 10டபிள்யூ-30 முதலிய மெல்லிய பெட்ரோல் எஞ்சின் எண்ணெய்களில் பாஸ்பரசை 0.08 சதவீதத்திற்கு மிகாமல் குறைத்தது. புதிய காருக்கு ஏற்ற விலையுயர்ந்த எண்ணெய் பழைய காருக்கும் ஏற்றதாகும் என்று கொள்வது பிழையாக முடிவது இதனாலேயே.

ஆமணக்கெண்ணெய் உலோகத்தில் நன்கு பற்றுவதால் முற்காலப் பந்தய எஞ்சின்களிலும் விமான எஞ்சின்களிலும் பயன்பட்டது. ஆனால் அது விரைவில் பிசினாகிக் குழாய்களை அடைக்கும். கனிம எண்ணெயுடன் நன்கு கலவாது. சாலைக் காரில் அதனைச் சோதித்துப் பார்த்தல் தகாது.

கவனிக்க வேண்டியவை

எச்சரிக்கை விளக்கு, அழுத்தம் மிகவும் தாழ்ந்த பின்னரே எரியும். அதற்குள் பேரிங் கெட்டிருக்கக்கூடும். ஆகவே எண்ணெயின் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் காட்டும் மானிகள் இன்றியமையாதவை. வளைவில் முள் சரிந்தால் உடனே வேகத்தைக் குறைத்துப் பாதையினின்று விலகுதல் வேண்டும். சில சுற்றுகளுக்குப் பின் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி எஞ்சினைக் குளிரவிடுதல் நன்று. ஓட்டம் முடிந்தபின் எண்ணெயை மாற்றி, வடித்த எண்ணெயில் உலோகத் துகள்கள் மின்னுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

களப்பணியாளர்க்கும் இவ்வறிவு பயன்தரும். கோடையில் திருமலைப் பாதையில் தாழ்ந்த கியரில் ஏறும் பழைய ஜீப்பிலும், வயலில் நாள் முழுதும் ஓடும் டீசல் பம்பு எஞ்சினிலும் எண்ணெய் இவ்வாறே சூடேறி நீர்த்துப் போகிறது. ஆசிரியர்கள் வகுப்பில் எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டலாம். ஒரே அளவான இரு கண்ணாடிக் குப்பிகளில் கடலை எண்ணெயை ஊற்றி, ஒன்றை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தபின் இரண்டையும் சாய்த்தால், சூடேறிய எண்ணெய் விரைந்தோடுவதை மாணவர் கண்ணாரக் காண்பர். அவ்வேறுபாட்டை உணர்ந்தவர், எண்ணெய் டப்பாவின் மீதுள்ள எண்களைப் பாராமல் அதனை வாங்கமாட்டார்.