விழுந்தால் யார் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நீங்கள் ஒரு தடவை குயிலாப்பாளையத்துக்கு வந்து பார்க்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்து, பெரிய முதலியார்சாவடியில் மேற்கே திரும்பினால், ஆரோவில் போகும் வழியில் இருக்கிறது இந்த ஊர். செம்மண் பூமி. அந்த நேரத்தில் சாலை முழுவதும் சைக்கிள்காரர்களுக்குத்தான் சொந்தம். வாடகைச் சைக்கிளில் ஆடி அசைந்து போகிறவர்களைச் சொல்லவில்லை. வளைந்த ஹாண்டில்பாரின் மேல் வில்லைப் போல் குனிந்துகொண்டு, பத்துப் பேர் பன்னிரண்டு பேராக 'விர்'ரென்று போகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன்.

அன்று நான் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரப் பாட்டி ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்திவிட்டு, அந்தக் கூட்டத்தை உற்றுப் பார்த்தாள்.

"இன்னா கண்ணு, இவங்க சொக்காயெல்லாம் கடை போர்டு மாதிரி இருக்குதே? முதுகுல ஒரு பேரு, வயித்துல ஒரு பேரு, தொடையில ஒரு பேரு!"

"அந்தக் கம்பெனிக்காரர்கள் பணம் கொடுப்பார்கள் பாட்டி. பெரிய பந்தயக்காரர்களுக்குச் சைக்கிள், சாப்பாடு, சம்பளம் எல்லாம் அவர்கள் செலவு. பதிலுக்கு அவர்கள் பெயரைச் சட்டையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்து இவர்களும் போட்டுக்கொள்கிறார்கள்."

பாட்டி கொஞ்சம் யோசித்தாள். "கீழ வுழுந்து கையி காலு ஒடிஞ்சா, அந்தக் கம்பெனிக்காரன் வந்து பாப்பானா?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இரண்டு மூன்று பேருடைய கதையைத் தேடிப் படித்தேன். அதைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப் போகிறேன். சைக்கிள் பந்தயத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், அம்மணிகளே! இந்தச் சமாசாரம் தொடங்குவதே உங்கள் கண்ணாடி அலமாரியில் இருக்கும் ஒரு டப்பாவில்தான்.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு இத்தாலியில் சைக்கிள் பந்தயம் என்றால் ஜனங்களுக்கு உயிர். பந்தயக்காரர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தவர்கள் சைக்கிள் செய்யும் கம்பெனிக்காரர்கள். ஆனால் 1950-களில் ஸ்கூட்டர் வந்துவிட்டது. சைக்கிள் விற்பனை படுத்துக்கொண்டது. சைக்கிள் விற்காவிட்டால் பந்தயக்காரனுக்குச் சம்பளம் எங்கேயிருந்து வரும்? அப்போது ஃபியரென்ஸோ மாக்னி என்ற வீரருக்கு ஒரு யோசனை தோன்றியது. சைக்கிள் கம்பெனியை விட்டால் வேறு கம்பெனியே உலகத்தில் இல்லையா? அவர் போய்க் கேட்டது யாரைத் தெரியுமா? நிவியா கிரீம்காரர்களை! 1954-ல் மாக்னியும் அவருடைய குழுவினரும் முகக் கிரீமின் பெயரை மார்பில் எழுதிக்கொண்டு பந்தயத்தில் இறங்கினார்கள். மாக்னிக்கோ தலையில் முடி கிடையாது. முகம் வெயிலில் காய்ந்து தோல் மாதிரி இருக்கும். முகக் கிரீமுக்கு இப்படி ஓர் ஆளா என்று சிரித்தவர்கள் உண்டு. முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் மறு வருஷம், 1955-ல், இத்தாலியைச் சுற்றி வரும் பெரிய பந்தயத்தில் அவர்தான் முதல். அதற்குப் பிறகு சைக்கிளுக்குச் சம்பந்தமே இல்லாத கம்பெனிகள் வரிசையில் வந்து நின்றன. காப்பி இயந்திரம் செய்கிறவர்கள், சமையலறைச் சாமான் செய்கிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். சாலையில் நடக்கும் பந்தயத்துக்கு டிக்கெட் வசூல் கிடையாது அல்லவா? யார் வேண்டுமானாலும் ஓரத்தில் நின்று பார்க்கலாம். ஆகவே பந்தயக் குழுவின் பணமெல்லாம் ஏறக்குறைய சட்டையில் எழுதியிருக்கும் பெயர்களிடமிருந்தே வருகிறது.

இனி விழுந்த கதை. 1956-ல் அதே பந்தயம். மாக்னிக்கு வயது 35. மலைச் சரிவில் இறங்கும்போது விழுந்தார். இடது காறையெலும்பு முறிந்தது. அட்டிகை போட்டுக்கொண்டால் அதன் நுனி கழுத்தடியில் படுகிறதே, அங்கிருந்து தோள் வரை ஓடும் எலும்பு அது. விழுகிறவன் தன்னையறியாமல் கையை ஊன்றுவான். அந்த அதிர்ச்சி கை வழியே ஏறிக் காறையெலும்பில் போய் முட்டும். சைக்கிள்காரர்களுக்கு அது அடிக்கடி உடையும். மாக்னி கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறிவிட்டார்! மேடு ஏறும்போது இரண்டு கையாலும் ஹாண்டில்பாரை இழுத்துப் பிடிக்க வேண்டும். இடது கைக்கோ வலு இல்லை. சைக்கிளைப் பழுது பார்ப்பவர் ஒரு ரப்பர் டியூபை வெட்டி ஹாண்டில்பாரில் கட்டிக் கொடுத்தார். அதன் மறு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே மலை ஏறினார் மனிதர். பிறகு இன்னொரு தடவை விழுந்து கையிலும் எலும்பு முறிந்து மூர்ச்சையானார். ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நினைவு திரும்பியதும், 'வண்டியை நிறுத்து' என்று கத்தி இறங்கிவிட்டார். கடைசியில், பனிப்புயலில் பலர் பந்தயத்தையே விட்டு விலகிய நிலையில், லக்ஸம்பர்க் நாட்டு ஷார்லி கோலுக்கு 3 நிமிஷம் 27 விநாடி பின்னால் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

இதை வீரம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு அந்தப் பல்லில் கடித்த டியூபை நினைத்தால் வயிற்றை என்னவோ செய்கிறது. எலும்பு முறிந்தவனை இரண்டு வாரம் படுக்க வைக்காத தொழில் என்ன தொழில்?

படுத்தவர் கதையையும் கேளுங்கள். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் 1986-ல் பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் பந்தயத்தில் வென்றார். அமெரிக்கர் ஒருவர் அதில் ஜயித்தது அதுவே முதல் தடவை. அடுத்த ஏப்ரலில் வான்கோழி வேட்டைக்குப் போன இடத்தில், சொந்த மைத்துனனே புதருக்குப் பின்னால் இருப்பது யாரென்று தெரியாமல் சுட்டுவிட்டான். உடம்பில் ஏராளமான ஈயக் குண்டுகள். ஹெலிகாப்டர் ஒன்று அகப்பட்டதால் உயிர் தப்பினார். எல்லாக் குண்டுகளையும் எடுக்க முடியவில்லை. சில இருதயத்தின் உறையிலேயே தங்கிவிட்டன. அப்போது அவர் மனைவி இரண்டாவது குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கும்மிருட்டு. ஒரு குழுவில் சேர்ந்தார், பிரகாசிக்கவில்லை. 1989-ல் ஏ.டி.ஆர். என்ற சின்னப் பெல்ஜியக் குழுவில் போய்ச் சேர்ந்தார். அங்கே சம்பளமே ஒழுங்காக வரவில்லை. அந்த வருஷம் இத்தாலியப் பந்தயத்தில் பின்தங்கித் தள்ளாடியபோது, தொழிலையே விட்டுவிடலாம் என்று நினைத்தார். முகம் வெளுத்திருப்பதைக் கண்டு இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். என்ன வியாதி தெரியுமா? இரும்புச் சத்துக் குறைவு! நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேர் 'அசதி, அசதி' என்று சொல்லிக்கொண்டு வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறோமே, அதே சமாசாரம்தான். ஊசி போட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பிரான்ஸில் அவர் சட்டையில் ஏ.டி.ஆரோடு அக்ரிழெல் என்ற குளிர்பதன உணவுக் கம்பெனியின் பெயரும் சேர்ந்திருந்தது. 1989 ஜூலை 23, கடைசி நாள். முதலில் இருந்த லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலை. பாக்கி 24.5 கிலோமீட்டர். கணக்குப் பார்த்தவர்கள் முடியாது என்றார்கள். லெமாண்ட் 8 விநாடி வித்தியாசத்தில் ஜயித்தார். மூன்று வாரப் பந்தயத்தில் 8 விநாடி. பால் பொங்கி வழியும்போது அடுப்பை அணைக்கப் பிடிக்கும் நேரம்.

உடனே வந்து வாரி அணைத்துக்கொண்டது யார் என்கிறீர்கள்? 'இஸட்' என்ற பிரெஞ்சுக் கம்பெனி. குழந்தைகள் சட்டை தைத்து விற்கிறவர்கள். மூன்று வருஷத்துக்குச் சுமார் 55 லட்சம் டாலர்! படுத்திருந்தபோது அதில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் எத்தனை உதவியாக இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? விளம்பரப் பணத்துக்கு ஜயித்தவன் முகம்தான் தெரியும். எல்லாருமே அப்படி என்றும் சொல்ல முடியாது. 2022 ஜனவரியில் கொலம்பியாவின் ஈகன் பெர்னால் பயிற்சியின்போது ஒரு பஸ்ஸின் பின்புறம் மோதிச் சுமார் இருபது எலும்புகளை உடைத்துக்கொண்டார். விபத்துக்கு முன்பே 2026 வரை ஒப்பந்தம் எழுதியிருந்தது. அவர் குழுவினர் கைவிடவில்லை. ஏழு மாதத்தில் பந்தயத்துக்குத் திரும்பினார். 2025-ல் ஸ்பெயினில் ஒரு நாள் பந்தயத்தை வென்றும் விட்டார். எழுதி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

நம் நாட்டில் என்ன நடக்கிறது? இங்கே சைக்கிள்காரர்களுக்கு அப்படிப்பட்ட ஒப்பந்தம் அபூர்வம். ரெயில்வே, ராணுவம், போலீஸ் இவற்றில் உத்தியோகம் கிடைத்தால் அதுவே பெரிய ஆதரவு. ஐதராபாத்தில் ஆதித்ய மேத்தா என்று ஒருவர். சாலை விபத்தில் ஒரு காலைப் பறிகொடுத்தவர். மறுபடி சைக்கிள் ஏறி, 2013-ல் ஆசியப் போட்டியில் ஊனமுற்றோர் பிரிவில் இரண்டு வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அதோடு நிற்கவில்லை. தம் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கி, தம்மைப் போன்றவர்களுக்கும், எல்லைக் காவலில் கால் கை இழந்த வீரர்களுக்கும் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். சட்டையில் பெயர் எழுதக் கம்பெனி வராத இடத்தில், விழுந்த ஒருவரே மற்றவர்களுக்குத் தாங்கலாக வந்து நின்றார்.

அங்கே போய்ச் சேர்ந்தாள் தான்யா டாகா என்ற மத்தியப் பிரதேசத்துப் பெண். டேராடூனில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தவள். 2018-ல் கார் விபத்து. பல அறுவைச் சிகிச்சைகள் செய்தும் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. கல்யாண வயதில் மகள் இப்படி ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஒரு தாய் தகப்பன் மனம் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒற்றைக் காலால் சைக்கிள் எப்படி ஓட்டுவது? நானும் முதலில் திகைத்தேன். பெடலோடு பூட்டைச் சேர்த்து மாட்டிவிடுவார்கள். நாம் மிதிக்கும்போது கீழே மட்டும்தான் அழுத்துகிறோம். மேலே வருவதை மறு கால் பார்த்துக்கொள்ளும். இவர்களுக்கு அந்த ஒரே கால் கீழேயும் அழுத்த வேண்டும், மேலேயும் இழுக்க வேண்டும். செயற்கைக் காலை மாட்டி மணிக்கணக்கில் ஓட்டினால் வெட்டுப்பட்ட இடம் உராய்ந்து புண்ணாகும். தான்யா அதை மாட்டாமலே ஓட்டினாள்.

2020 நவம்பரில், எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆதரவில் காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரு சைக்கிள் பயணம் புறப்பட்டது. தான்யாவும் சேர்ந்துகொண்டாள். தெற்கே வந்துகொண்டிருந்தபோது, டிசம்பர் மாதம், வீட்டிலிருந்து செய்தி வந்தது. தகப்பனார் காலமாகிவிட்டார். விபத்துக்குப் பிறகு அவளைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். ஊருக்குப் போனாள். அந்தப் பயணத்தை முடிக்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. சில நாட்களில் திரும்பி வந்து மறுபடி சைக்கிளில் ஏறினாள். வருஷக் கடைசியில் கன்னியாகுமரி வந்து சேர்ந்தாள். 42 நாளில் அவள் ஒற்றைக் காலால் மிதித்த தூரம் 2,800 கிலோமீட்டர் என்று பத்திரிகைகள் எழுதின. நமது வெள்ளித்திரை நட்சத்திரம் ஒருவர் புடவைக் கடை திறந்தால் போடும் அளவுக்குக் கூட அந்தப் படத்தைப் பெரிதாகப் போடவில்லை என்பது என் குறை.

அந்த ஐதராபாத் பயிற்சிக் கூடத்திலிருந்து இன்னும் இருவர், அர்ஷத் ஷேக்கும் ஜோதி கடேரியாவும், 2024-ல் பாரிஸ் பாராலிம்பிக்ஸுக்குப் போனார்கள். அந்தப் போட்டியில் இந்தியாவிலிருந்து சைக்கிள் ஓட்டியவர்கள் அவர்களே முதல்.

மறு மாதம் குயிலாப்பாளையம் போனபோது இவ்வளவையும் பாட்டியிடம் சொன்னேன். முகக் கிரீம் கதைக்குச் சிரித்தாள். தான்யாவின் தகப்பனார் கதை வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. கல்லூரிப் பையன், செம்மண் சறுக்கி விழுந்திருக்கிறான், முழங்காலெல்லாம் ரத்தம். பாட்டி சொம்புத் தண்ணீரால் கழுவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினாள். சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். அவன் பையைத் துழாவிப் பணம் எடுத்தான்.

"காசு வாணாம் போ," என்றாள் பாட்டி. "அடுத்தவாட்டி சொக்காய் தைக்கும்போது என் கடை பேரையும் போட்டுக்கோ. முதுகுல வாணாம், முன்னால போடு!"