இரட்டைக் கார்புரேட்டர்களை ஒத்தியங்கச் செய்தல்

சித்திரைத் திருவிழாவில் அவிநாசித் தேர் நிலை பெயர்ந்து புறப்படும் காட்சியை நம்மிற் பலர் கண்டிருப்போம். வடம் பிடிப்போர் பல நூற்றுவர். அவருள் ஒரு பக்கத்தார் விரைந்தும் மறு பக்கத்தார் தளர்ந்தும் இழுப்பாராயின், தேர் நேரே செல்லாது ஒருபுறமாக ஒதுங்கத் தொடங்கும். சக்கரத்தடியில் கட்டை போடுவோர் அதனை உடனே கண்டு திருத்துவர். மொத்தத்தில் எவ்வளவு பலம் இழுக்கின்றது என்பது அவர்களுக்குப் பொருட்டன்று. இரு பக்கமும் ஒத்திருக்கின்றதா என்பதொன்றே அவர்கள் கவலை.

இரண்டு சிலிண்டர்களும் அவற்றிற்கென இரண்டு கார்புரேட்டர்களும் உடைய மோட்டார் சைக்கிளின் நிலையும் இத்தகையதே. நம் கல்லூரி மாணாக்கருள்ளும் பழைய மாணவருள்ளும் பழைய வண்டிகளைப் பேணுவோர் சிலர் உளர். அவர்கள், "கார்புரேட்டர்களைச் சமப்படுத்த எந்தக் கருவியை வாங்கலாம்?" என்று எம்மை அடிக்கடி வினவுவதுண்டு. அவ்வினாவிற்கு விடையாகவே இக்கட்டுரையை வரைகின்றோம். விலையுயர்ந்த கருவி எது என்பதன்று, எதை அளக்கும் கருவி நமக்கு வேண்டும் என்பதே முதலில் ஆராயத்தக்கது.

பிஸ்டன் கீழிறங்குங்கால் சிலிண்டர் காற்றை உள்ளிழுக்கின்றது. அக்காற்று கார்புரேட்டரின் குழல்வழியே விரைந்து செல்லும்போது பெட்ரோலைத் துளித்துளியாகத் தன்னுடன் எடுத்துச் செல்கின்றது. வழியில் ஒரு கதவு உண்டு. நாம் கைப்பிடியைத் திருகுவது அக்கதவைத் திறப்பதற்கேயாம். கதவு ஏறக்குறைய மூடியிருக்கும்போது அதற்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட வழியில் காற்று குறைந்து, வெளிக்காற்றின் அழுத்தத்தினும் தாழ்ந்த அழுத்தம் உண்டாகின்றது. இதனையே உறிஞ்சுவிசை என்கின்றோம். கதவு அதிகமாகத் திறந்த பக்கத்தில் இவ்விசை குறைந்தும், மூடிய பக்கத்தில் மிகுந்தும் காணும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனித்தல் வேண்டும். கைப்பிடியை முழுவதும் திருகியிருக்கும்போது கதவு 20 மில்லிமீட்டர் திறந்திருப்பதாகக் கொள்வோம். இரு கதவுகளுக்கும் இடையே மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கு வேறுபாடு இருப்பினும், அது நூற்றில் ஒன்றேயாகும். ஆனால் இன்ஜின் ஐடிலிங்கில் நிற்கும்போது, கதவு ஒரே ஒரு மில்லிமீட்டர் திறந்திருக்குமாயின், அதே வேறுபாடு நூற்றில் இருபதாகிவிடும். நெடுஞ்சாலையில் இனிது ஓடும் வண்டி சந்திப்பில் நிற்கும்போது மட்டும் நடுங்குவது இதனாலேயே. அந்நிலையில் ஒரு சிலிண்டர் மற்றொன்றையும் சேர்த்து இழுக்கின்றது, சங்கிலி துள்ளுகின்றது, பெட்ரோல் வீணாகின்றது.

இக்குறை எல்லா வண்டிக்கும் உரியதன்று. 1950-களிலிருந்து நம் மாகாணத்தில் உருவான புல்லட் வண்டிக்கு ஒரு சிலிண்டரும் ஒரு கார்புரேட்டருமே. மைசூரிலிருந்து வந்த ஜாவா, எஸ்டி வண்டிகளிற் பலவற்றிற்குப் புகைக்குழாய்கள் இரண்டாயினும் சிலிண்டர் ஒன்றே. ஆதலின் குழாய்களை எண்ணிக் கார்புரேட்டரைக் கணக்கிடலாகாது. 1980-களில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தார் யமஹாவின் உரிமை பெற்றுச் செய்த ராஜ்தூத் 350 வண்டியே, நம் நாட்டிற் பலரும் அறிந்த இரட்டைக் கார்புரேட்டர் வண்டியாகும். வெளிநாட்டிலோ, 1969-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிபி 750 வண்டி நான்கு சிலிண்டர்களையும் நான்கு கார்புரேட்டர்களையும் ஒருங்கே கொணர்ந்தமையால், சமப்படுத்தும் கலை அங்கே மிகவும் வளர்ந்தது.

2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ராயல் என்பீல்டு இண்டர்செப்டர் 650 இரட்டைச் சிலிண்டர் உடையதாயினும், அதில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை மின்சாரக் கட்டளையால் பீய்ச்சும் முறையே உண்டு. 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஸ்டேஜ் ஆறாம் விதி நடைமுறைக்கு வந்தபின், நம் நாட்டுப் புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆதலின் இவ்வித்தையைக் கைவரப் பெற்ற மெக்கானிக்குகளும் அருகி வருகின்றனர். பழைய வண்டியை வைத்திருப்போர் தாமே கற்றுக்கொள்ள வேண்டிய காலம் இது.

தாமே கற்றல் நம் கோவை மாவட்டத்திற்குப் புதிதன்று. கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்து, கோவையில் உணவு விடுதியொன்றில் வேலை செய்து பொருள் சேர்த்து, அவ்வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மீண்டும் பூட்டினார் என்பது யாவரும் அறிந்த வரலாறு. கோவையினின்றும் அவிநாசி நோக்கி வரும் சாலையின்மேல் 2025-இல் திறக்கப்பெற்ற மேம்பாலம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

நிற்க. இனிக் கருவிகளைப் பார்ப்போம்.

முதலாவது, செவி. ஒரு முழ நீள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைச் செவியிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகிலும் வைத்தால், காற்று சீறும் ஒலி தெளிவாகக் கேட்கும். இரு வாய்களிலும் ஒலி ஒத்திருக்கும்வரை திருத்தலாம். செலவில்லாத முறை, ஆயினும் பழகிய செவி வேண்டும்.

இரண்டாவது, துளையிடும் டிரில் பிட்டுகள். ஸ்லைடு என்னும் உருளைக் கதவு உடைய கார்புரேட்டர்களுக்கு இது ஏற்றது. ஒரே பருமனுள்ள இரண்டு பிட்டுகளின் வழுவழுப்பான அடிப்பாகத்தை இரு ஸ்லைடுகளின் கீழும் வைத்து, இரண்டும் ஒரே இறுக்கத்துடன் பிடிக்குமாறு கேபிள்களைத் திருத்த வேண்டும். ராஜ்தூத் 350 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இதுவே போதியது. கைப்பிடியைத் திருகும்போது இரு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழுகின்றனவா என்று விரல் நுனியால் தொட்டறிதலும் நன்று. எண்ணெய்ப் பம்பு தனியே உடைய வண்டியாயின், அதன் கேபிளையும் உடன் சரிபார்த்தல் வேண்டும். இல்லையேல் கார்புரேட்டர் ஒத்திருந்தும் இன்ஜின் எண்ணெயின்றிக் கெடும்.

மூன்றாவது, கார்புரேட்டரின் வாயிற் பொருத்தும் காற்றோட்ட மானி. கண்ணாடிக் குழலுக்குள் ஒரு சிறு மிதவை எழுந்து காற்றின் வேகத்தைக் காட்டும். ஒரே கருவியை இரு வாய்களிலும் மாற்றி மாற்றி வைப்பதால், கருவியின் பிழை இரண்டுக்கும் பொதுவாகி ஒழிகின்றது. இது சிறந்த குணம்.

நான்காவது, உறிஞ்சுவிசையைக் காட்டும் முள் மானிகள். நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இவற்றையே பலரும் வாங்குகின்றனர். சிலிண்டருக்கு ஒன்றாக இவை விற்கப்படும். இவற்றைப் பற்றி யாம் பட்டறிந்தது ஒன்றுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், அவிநாசியில் நண்பர் ஒருவரின் பழைய ஜப்பானிய இரட்டைச் சிலிண்டர் வண்டியைத் திருத்த முற்பட்டோம். புதிதாக வாங்கிய இரண்டு மானிகளைப் பொருத்தி, இரு முட்களும் ஒரே எண்ணில் நிற்கும்வரை திருகினோம். முட்கள் ஒத்தன, வண்டியோ முன்னினும் மிகுதியாக நடுங்கிற்று. குறையை வால்விலும், பிளக்கிலும், காயிலிலும் தேடி ஒரு பகல் முழுவதையும் கழித்தோம். புதிய காயில் ஒன்று வாங்குவதற்கும் நண்பர் துணிந்துவிட்டார். மாலையில் அவ்வழியே வந்த முதிய மெக்கானிக் ஒருவர் ரப்பர்க் குழாயைச் செவியில் வைத்துக் கேட்டு, "தம்பி, வண்டி சரியாத்தானுங்க இருக்குது, உங்க மீட்டருதான் பொய் சொல்லுது. ஓஸை மாத்திப் போட்டுப் பாருங்க" என்றார். மாற்றினோம். ஒத்து நின்ற முட்கள் இப்போது வெகுவாக விலகி நின்றன. இரண்டு மானிகளும் ஒரே விசைக்கு இரு வேறு எண்களைக் காட்டி வந்தன என்பது விளங்கிற்று. கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் வண்டியைக் குற்றம் சொன்னது எம் பேதைமையே.

ஆதலின், முள் மானி வாங்குவோர் முதலிற் செய்யத்தக்கது இது: ஒரு கிளைக்குழாயின் உதவியால் எல்லா மானிகளையும் ஒரே சிலிண்டரிற் பொருத்திப் பார்க்க வேண்டும். அவை ஒரே எண்ணைக் காட்டினால் நம்பலாம். வேறுபடின், அவ்வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு கழித்துக் கணக்கிட வேண்டும். மின்சாரக் கருவிகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

ஐந்தாவது, பாதரசக் குழாய்கள். 1643-ஆம் ஆண்டில் டாரிசெல்லி என்னும் இத்தாலிய அறிஞர் கண்ட உண்மையை அடிப்படையாகக் கொண்டவை. இவை மெய்யே சொல்லும். எனினும் பாதரசத்தின் ஆவி நஞ்சு. அது இன்ஜினுள் இழுக்கப்பட்டால் புகையோடு வெளிவந்து நம் மூச்சில் கலக்கும், அலுமினியத்தையும் அரிக்கும். 2013-இல் நாடுகள் கூடி ஏற்படுத்திய மினமாட்டா உடன்படிக்கையை இந்தியாவும் 2018-இல் உறுதி செய்துள்ளது. ஆதலின் பழைய பாதரசக் கருவி எங்கேனும் மலிவாகக் கிடைப்பினும், வாங்காது விடுதலே அறிவுடைமை.

ஆறாவது, நம் பௌதிக ஆய்வுக்கூடத்தில் முதல் வகுப்பு மாணவனும் கையாளும் வளைகுழாய். தெள்ளிய பிளாஸ்டிக் குழாயை ஒரு மீட்டர் உயரப் பலகையில் எழுத்து 'ப' வடிவிற் பொருத்தி, பாதியளவு இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் நிரப்பி, இரு முனைகளையும் இரு கார்புரேட்டர்களின் உறிஞ்சு துளைகளிற் செருகினால் கருவி முடிந்தது. எப்பக்கம் விசை மிகுந்ததோ அப்பக்கம் எண்ணெய் ஏறும். இரு பக்கமும் ஒரே எண்ணெயாதலால் இக்கருவி பொய் சொல்ல இடமேயில்லை. மேலும், பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமுள்ளது; எண்ணெயோ தண்ணீரினும் சற்று இலேசானது. ஆகவே பாதரசத்தில் 2 செண்டிமீட்டராகக் காணும் வேறுபாடு, எண்ணெயில் ஏறக்குறைய 31 செண்டிமீட்டராக விரிந்து தோன்றும். தேர்க் கட்டை போடுவோரைப்போல, இது மொத்த விசையைக் கருதாது வேறுபாட்டை மட்டுமே காட்டுகின்றது. இரட்டைச் சிலிண்டர் வண்டிக்கு இதனிற் சிறந்த கருவியை யாம் அறியோம்.

ஆனால் இதற்கும் ஓர் ஆபத்து உண்டு. ஐடிலிங்கில் உறிஞ்சுவிசை 20 செண்டிமீட்டர் பாதரசமாயின், அது எண்ணெயை மூன்று மீட்டருக்கு மேலும் ஏற்ற வல்லது. இன்ஜின் ஓடும்போது ஒரு முனை கழன்றால், எண்ணெய் முழுவதும் மறு சிலிண்டருக்குள் பாயும். ஆகையால் இரு பக்கமும் குழாய்க்கும் இன்ஜினுக்கும் இடையே காற்றுப் புகாத சிறு புட்டி ஒன்றை வைத்து, வழியும் எண்ணெய் அதில் தங்குமாறு செய்க. தண்ணீரை நிரப்புதல் தகாது. எண்ணெய் சிறிது உட்சென்றால் புகைந்து தீரும், தண்ணீரோ மிகுதியாகப் புகின் அழுத்தத்திற்கு இளகாது பிஸ்டனையும் தண்டையும் முறிக்கக்கூடும். முதலில் செவியால் ஓரளவு சமப்படுத்தியபின்னரே இதனைப் பூட்டுக.

இனி உபயோகிக்கும் முறை. டாப்பெட் இடைவெளி, பிளக், தீப்பொறியின் காலம், காற்று வடிகட்டி, கார்புரேட்டரை இணைக்கும் ரப்பர்கள் ஆகிய யாவும் செவ்வனே இருக்கின்றனவா என்று முன்னரே பார்க்க. இவற்றிற் குறையிருக்க, கார்புரேட்டரைத் திருகுதல் கோணிய சக்கரத்தை விட்டு வடத்தைக் குறை கூறுவதை ஒக்கும். வண்டியைச் சிறிது ஓட்டி இன்ஜினைச் சூடாக்குக. பின் திறந்த வெளியில் நிறுத்துக. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மூடிய அறையில் உயிரைக் கொல்லும். காற்றினாற் குளிரும் இன்ஜினுக்கு முன்னே ஒரு மின்விசிறியை வைக்க. டேங்கைக் கழற்ற நேரின், சிறு புட்டியிலிருந்து பெட்ரோல் ஊட்டுக. சூடேறிய புகைக்குழாயின்மேல் அது சிந்தாமற் காத்தல் அவசியம்.

இன்ஜினை ஐடிலிங்கில் நிறுத்தி, இணைப்புத் திருகையோ கேபிளையோ சிறிது சிறிதாகத் திருத்தி, எண்ணெய் இருபுறமும் ஒரே மட்டத்தில் நிற்கச் செய்க. ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் கைப்பிடியை ஒருமுறை மெல்லத் திருகி விடுக. அப்போதுதான் கதவுகள் தம் உண்மை நிலையில் அமரும். பிறகு சற்று வேகத்தை உயர்த்தி அங்கும் ஒத்திருக்கின்றதா என்று நோக்குக. மூன்று நான்கு சிலிண்டர் உள்ளவற்றில், கையேடு குறிக்கும் ஒரு கார்புரேட்டரை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஒப்பச் செய்க. இறுதியில் பூட்டு நட்டை இறுக்கியபின் மறுபடியும் ஒருமுறை பார்க்க. நட்டை இறுக்கும்போதே திருகு நகர்ந்துவிடுவது வழக்கம். துளைகளை மூடிய பின்னரே வேலை முடிந்ததாகும்.

நண்பர்காள், அன்று எம் இரு மானிகளும் ஒரே எண்ணைக் காட்டியபோது, எண்ணைக் கண்டு மகிழ்ந்தோமேயன்றி, நடுங்கிய வண்டியைக் காணத் தவறினோம். அளவு காட்டும் எதனையும் நம்புமுன், அவ்வளவுகோலையே ஒருமுறை அளந்து பார்க்கும் வழக்கத்தை ஆய்வுக்கூடத்திலேயே பழகிக்கொள்வோமாயின், அது கார்புரேட்டருக்கு மட்டுமின்றி, நாம் பின்னர் மேற்கொள்ளும் எத்தொழிலுக்கும் உதவும். அந்த மானிகளை யாம் எறிந்துவிடவில்லை. அவற்றின் வேறுபாட்டைச் சிறு சீட்டில் எழுதி ஒட்டி வைத்துள்ளோம். அதன் பின் அவையும் பயன்படுகின்றன.