மூன்றாவது பெடலுக்காக ஓடும் காரை அறுக்கிறார்கள்!

அமெரிக்க வீட்டு ஷெட்டுகளில் நடக்கும் கியர் பெட்டி ஆபரேஷன்

ராத்திரி நேரம். கார் திருடன் கண்ணாடியை உடைத்து உள்ளே குதிக்கிறான். சாவித் துவாரத்தில் கைவரிசை காட்டி எஞ்சினையும் உறும விட்டு விடுகிறான். காலை நீட்டினால் அங்கே இரண்டு பெடலுக்குப் பதில் மூன்று! திருதிருவென்று விழிக்கிறான். கார் இரண்டு குதி குதித்து நின்று விடுகிறது. கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓட்டம் பிடிக்கிறான்.

இது கட்டுக்கதை அல்ல. கிளட்ச் உள்ள காரைத் திருட வந்து, ஓட்டத் தெரியாமல் அகப்பட்டுக்கொண்ட ஆசாமிகளைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகளில் அடிக்கடி போலீஸ் செய்தி வருவது உண்டு. அந்த நாட்டில் இன்று விற்கும் புதுக் கார்களில் கிளட்ச் உள்ளவை நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. மற்றதெல்லாம் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேடிக்.

அந்த நாட்டில்தான் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. நன்றாக ஓடும் ஆட்டோமேடிக் காரை வீட்டு ஷெட்டில் தூக்கி நிறுத்தி, அதன் கியர் பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டு, கிளட்ச்சும் தரை கியரும் வைக்கிற கூட்டம். இதற்காக மாதக்கணக்கில் லீவு நாட்களையும் ஆயிரக்கணக்கில் டாலரையும் கொட்டுகிறார்கள். சில பேர் உயிரையும் பணயம் வைக்கிறார்கள்.

அதன் விவரம் வருமாறு:-

"மசில்" கார்

1964-ல் தொடங்கி 1970-களின் ஆரம்பம் வரை அமெரிக்காவில் "மசில் கார்" என்ற ரகம் சக்கைப்போடு போட்டது. மசில் என்றால் தசை. புஜபலம் என்று வைத்துக்கொள்ளலாம். நடுத்தரக் காருக்குள் பெரிய காரின் ராட்சத எஞ்சினை இறக்கினால் அதுதான் மசில் கார்.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது போன்டியாக் ஜி.டி.ஓ. அந்த அளவு காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. போன்டியாக்கின் தலைமை எஞ்சினீயராக இருந்த ஜான் டெலோரியன் கோஷ்டி என்ன செய்தது தெரியுமா? 389 கன அங்குல எஞ்சினைத் தனிக் கார் என்று சொல்லாமல், இருக்கிற லெமான்ஸ் காருக்குக் "கூடுதல் வசதி" என்று பட்டியலில் நுழைத்து விட்டது. முதல் வருஷமே 32,450 கார் விற்றது. மேலிடம் கப்சிப்!

டெட்ராய்ட் நகரத்து உட்வர்ட் அவென்யூவில் சிக்னலுக்கு சிக்னல் திருட்டுப் பந்தயம் நடந்த காலம் அது. பிறகு புகைக் கட்டுப்பாடு வந்தது, இன்சூரன்ஸ்காரர்கள் கட்டணத்தை ஏற்றினார்கள், 1973-ல் பெட்ரோல் பஞ்சமும் வந்தது. ஆட்டம் முடிந்தது.

ஒரு விஷயம். மசில் கார் வாங்கிய எல்லோரும் பந்தயக்காரர்கள் அல்ல. ஆபீசுக்குப் போக, கடைகண்ணிக்குப் போக என்று ஆட்டோமேடிக்காகவே வாங்கியவர்கள் ஏராளம். அந்தக் கார்கள்தான் இன்று ஆபரேஷனுக்கு வருகின்றன.

குறை இல்லாத பெட்டி

உதாரணத்துக்கு 1968 செவ்ரலே செவெல் எஸ்.எஸ். 396. எஞ்சின் 396 கன அங்குலம், அதாவது ஆறரை லிட்டர். சாதாரண எஞ்சினே 325 குதிரை சக்தி. ஆட்டோமேடிக் கேட்டவர்களுக்கு அதில் "டர்போ ஹைட்ரமேடிக் 400" என்ற மூன்று கியர் பெட்டி கிடைத்தது. சுமார் 60 கிலோ கனம். உழைப்பில் சூரன். அதன் பேரில் குறை சொல்ல ஒன்றுமே கிடையாது.

பிறகு ஏன் கழற்றுகிறார்கள்? "எப்போ கியர் மாத்தணும்னு கார் என்ன முடிவு பண்றது, நாம முடிவு பண்ணணும்" என்பது அவர்கள் கட்சி. தினமும் பஸ் நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்த டிரைவருக்கு இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆசை என்று வந்துவிட்டால் நியாயம் ஏது?

பதிலுக்கு இறக்குவது பெரும்பாலும் "மன்சி" நாலு கியர் பெட்டி. இண்டியானா மாநிலத்தில் மன்சி என்ற ஊரில் 1963 முதல் 1974 வரை தயாரானது. எம்-20, எம்-21, எம்-22 என்று மூன்று தினுசு. கடைசியாகச் சொன்ன எம்-22 போடும் சத்தத்தைக் கேட்டு "கல் உடைக்கும் மெஷின்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்காகவே கூடக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு! பழசு கிடைக்காதவர்கள் புதிதாக வார்த்த மன்சியோ, டிரெமெக் கம்பெனியின் ஐந்து கியர் பெட்டியோ வாங்குகிறார்கள்.

தலைகீழாக ஒரு நாள்

பெட்டியை மட்டும் மாற்றினால் கார் நகராது. ஆட்டோமேடிக் காரில் எஞ்சின் முதுகில் இருப்பது மெல்லிய தகடு; அதை எடுத்துவிட்டு கனமான பிளைவீல் வைக்க வேண்டும். அதிலும் உஷார் தேவை. 396 எஞ்சினுக்கும் 454 எஞ்சினுக்கும் பிளைவீல் வேறு வேறு. மாற்றிப் போட்டால் கார் ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். பிளைவீலின் பல் எண்ணிக்கைக்குத் தகுந்த ஸ்டார்ட்டர், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பெல் ஹவுசிங் எனப்படும் மணி வடிவக் கூடு, கிளட்ச்சை இழுக்கும் கம்பிகள் எல்லாம் வேண்டும். சக்கரத்துக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாப்டின் நீளமும் மாறும். கியர் ராடு வெளியே வருவதற்குத் தரைத் தகட்டை அறுத்து, மேடு வைத்து மூட வேண்டும்.

எல்லாவற்றிலும் இடுப்பை ஒடிக்கும் வேலை பெடல் வைப்பதுதான். ஆட்டோமேடிக் காரில் பிரேக் பெடல் அகலமாக இருக்கும். அதைக் கழற்றி ஒடுக்கமான பெடல் வைத்து, பக்கத்தில் கிளட்ச் பெடலையும் ஒரே பிராக்கெட்டில் தொங்க விட வேண்டும். இதற்காக முன் சீட்டைக் கழற்றிவிட்டு, டேஷ் போர்டுக்கு அடியில் தலையையும் சீட் இருந்த இடத்தில் காலையும் வைத்து மல்லாந்து படுக்கிறார்கள். ஐம்பது வருஷத் துரு கண்ணில் கொட்டும். எந்த போல்ட் கைக்கு எட்டாதோ அதுதான் கடைசியில் கழலாமல் நிற்கும்.

சுண்டு விரல் அளவு புஷ்

பெடலோடு போராடுகிறவர்கள்கூட கோட்டை விடும் இடம் வேறு ஒன்று. அது ஒரு சின்ன வெண்கல புஷ். கியர் பெட்டியின் முன் ஷாப்ட் நுனி, எஞ்சினின் கிராங்க் ஷாப்ட் பின்பக்கத் துளைக்குள் இந்த புஷ்ஷில்தான் உட்காருகிறது. ஆட்டோமேடிக் காருக்கு இது தேவை இல்லை. அதனால் சில எஞ்சின்களில் அந்தத் துளையைக் கம்பெனிக்காரர்கள் சரியான அளவுக்குக் கடையாமலே விட்டுவிட்டார்கள். கிரைஸ்லர் கம்பெனிக் கார்களில் இந்த வில்லங்கம் ரொம்பப் பிரசித்தம்.

இது எப்போது தெரியும்? எல்லாவற்றையும் மாட்டி, கடைசியாகப் பெட்டியை உள்ளே தள்ளும்போது தெரியும். பெட்டி அரை அங்குலம் வெளியே நிற்கும். போகாது. அவசரக்காரர் என்ன செய்வார்? நாலு போல்ட்டையும் போட்டு ஸ்பானரால் இழுப்பார். "டணார்" என்று சத்தம். அலுமினியப் பெட்டியின் காது கையோடு வந்துவிடும். அலைந்து திரிந்து வாங்கிய மன்சி பெட்டி ஒரே நிமிஷத்தில் உடைசல்!

அனுபவசாலிகள் பெட்டியைத் தூக்குவதற்கு முன்பே துளையை அளந்து விடுகிறார்கள். மணிக் கூடு எஞ்சினுக்கு நேராக உட்கார்ந்ததா என்றும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்கிறார்கள். புது ரகப் பெட்டி செய்கிறவர்கள் அனுமதிக்கும் பிசகு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு. தலைமயிர் கனம்தான்! அதற்கு மேல் கோணினால் கியர் தானாகக் கழலும், பேரிங் அரைபடும்.

காருக்கு அடியில் எமன்

மெக்கானிக் ஷெட்டில் காரைத் தலைக்கு மேல் தூக்க லிப்ட் இருக்கிறது. வீட்டில்? ஜாக்கிதான். ஒன்றரை டன்னுக்கு மேல் கனமுள்ள காரை நாலு மூலையிலும் தூக்கி, அதற்கு அடியில் மல்லாந்து படுத்து, 60 கிலோ பெட்டியை நெஞ்சுக்கு மேல் இறக்குகிறார்கள். ஜாக்கி மட்டும் தாங்கட்டும் என்று அடியில் நுழைந்து நசுங்கிச் செத்தவர்கள் செய்தி எல்லா நாட்டிலும் உண்டு. செங்கல், சிமெண்ட் கல் அடுக்குவது அதைவிட மோசம். கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

ஜாக்கியால் தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்ட் வைக்க வேண்டும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2020-ல் அமெரிக்காவின் ஒரு பெரிய கருவிக் கடைக்காரர்கள், தாங்கள் விற்ற ஸ்டாண்டின் பல் நழுவிக் கார் சரியலாம் என்று சொல்லி லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பக் கேட்டார்கள். பதிலுக்கு விற்ற ஸ்டாண்டிலும் வெல்டிங் கோளாறு என்று அதே வருஷம் மறுபடி அறிவிப்பு! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஸ்டாண்ட் வைத்த பிறகும் கழற்றிய டயர்களைக் காருக்கு அடியில் போட்டு வைக்கிறார்கள். காரைப் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் உள்ளே போவதில்லை.

பாதி பாதம் பறந்தது

கியர் பெட்டி வெடிக்குமா? வெடித்திருக்கிறது.

1970 மார்ச் 8. கலிபோர்னியா லாங் பீச்சில் லயன்ஸ் பந்தயத் திடல். பிரபல பந்தய வீரர் டான் கார்லிட்ஸ் விசையை விடுகிறார். அடுத்த நொடி அவர் காலடியில் இருந்த கியர் பெட்டி வெடித்துச் சிதறியது. கார் இரண்டு துண்டு. அவரது வலது பாதத்தில் ஒரு பகுதியே போய்விட்டது! ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, எஞ்சினை டிரைவருக்குப் பின்னால் வைத்து ஒரு கார் யோசித்தார். 1971-ல் அந்தக் காரோடு திரும்பி வந்து ஜெயித்தார்.

அது பந்தயக் கார், சக்தி பல மடங்கு. ஆனால் வீட்டுக் காரிலும் பழைய வார்ப்பிரும்பு பிளைவீலை வெறி வேகத்தில் சுழற்றினால் உடையலாம். உடைந்த துண்டு தரைத் தகட்டை வெண்ணெய் மாதிரி வெட்டிக்கொண்டு வரும். டிரைவரின் கால் இருப்பது அதற்கு நேர் பக்கத்தில். அதனால் பந்தயத்துக்குப் போகிறவர்கள் அலுமினிய மணிக் கூட்டை எடுத்துவிட்டு, துண்டுகளைத் தடுக்கும் எஃகுக் கூடு மாட்டுகிறார்கள். வேகமான கார்களுக்குப் பந்தயச் சங்கங்கள் இதைக் கட்டாயமே ஆக்கியிருக்கின்றன. உட்வர்ட் அவென்யூவில் உலா போகிறவர்களோ, "நாம என்ன பந்தயமா போறோம்" என்று இந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வம்பு இங்கேதான்.

செலவே இல்லாத இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆட்டோமேடிக் காரில் கியர் விழுந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. பெட்டியை மாற்றும்போது அந்த ஒயரைச் சும்மா முறுக்கி இணைத்துவிட்டால் கார் ஸ்டார்ட் ஆகும், வாஸ்தவம்தான். கியரில் நிற்கும்போதும் ஆகும்! வீட்டுப் பிள்ளை விளையாட்டாகச் சாவியைத் திருகினால் கார் சுவரை நோக்கிப் பாயும். அதே ஒயரைக் கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து இணைக்க அரை மணி நேரம் போதும்.

நாலு கியர் மோசடி

வேலை முடிந்தது. இனிமேல்தான் போலீஸ் விவகாரம்.

பழைய கார் சந்தையில், கம்பெனியிலேயே நாலு கியரோடு பிறந்த மசில் காருக்கு கிராக்கி அதிகம். ஷெட்டில் மாற்றியதைப் பிறவியிலேயே இப்படித்தான் என்று சாதித்தால் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கறக்கலாம். காரின் நம்பர் தகட்டைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. செவெல் காரில் எந்தப் பெட்டி இருந்தது என்று அந்த நம்பர் சொல்லாது.

துப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. 1960-களின் கடைசியில் இருந்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், கார் நம்பரின் ஒரு பகுதியைக் கியர் பெட்டியிலும் அடித்தார்கள். அது காரோடு பொருந்த வேண்டும். இன்னொன்று, தொழிற்சாலையில் காரோடு போன வேலைத்தாள். தொழிலாளிகள் அதைப் பெட்ரோல் டாங்க் மேலேயும் சீட் ஸ்பிரிங் நடுவிலும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து எலி கடித்த அந்தக் காகிதம் வெளியே வந்து பலருடைய குட்டை உடைத்திருக்கிறது. கில்லாடிகள் சும்மா இருப்பார்களா? பழுப்புக் காகிதத்தில் போலி வேலைத்தாள் அச்சடிப்பதும், நம்பரை இழைத்துவிட்டு வேறு நம்பர் அடிப்பதும் நடக்கத்தான் செய்கிறது.

மாற்றியவர் மாற்றினேன் என்று சொல்லி விற்றால் குற்றம் ஏதும் இல்லை. ஆசைப்பட்டு வாங்க ஆள் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்த செவெல் காரை உடனே பறக்க விடவும் முடியாது. புது கிளட்ச் படிவதற்கு முதல் 500 மைல் ஊருக்குள் மெதுவாக ஓட்ட வேண்டும் என்கிறார்கள். அத்தனை பாடுபட்டவர் சிக்னலுக்கு சிக்னல் கிழவன் மாதிரி நகர்ந்து போவார்.

கழற்றிய டர்போ 400 பெட்டி ஷெட் மூலையில் பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கிடக்கும். இடத்தை அடைக்கிறதே என்று வீட்டில் சத்தம் போட்டாலும் கெட்டிக்காரர்கள் அதை விற்பதில்லை. கார் நம்பர் அடித்திருப்பது அந்தப் பெட்டியில்தான்.